ஊருதும்மா

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கை தலைக்குப் போய்ப் பார்த்ததில்லை. கணக்குக்கு விடை வராவிட்டால் நாங்களெல்லாம் பேனாவால் காதுக்கு மேலே குடைவோம். அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்வாள். அரிப்பு தாங்காமல் போனால் கட்டைவிரல் நகத்தால் மற்றொரு கையின் உள்ளங்கையைக் கிள்ளுவாள். அந்த இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பு விழுந்திருந்தது. தலை அரித்தால் சொறிந்துகொள்ள ஆடுமாட்டுக்குக்கூட ஒரு மரம் கிடைக்கும். பெரம்பலூரில் இவளுக்கு மட்டும் அது கிடையாது.

காரணம் ஒரு விளம்பரம். ஆறு வயதில் அவள் பேன் மருந்து விளம்பரத்தில் நடித்தாள். வெள்ளிக்கிழமை பாட்டுக்கு நடுவிலும் ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு நடுவிலும் அது வரும். பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண், பத்து விரலாலும் தலையைச் சொறிந்து, மூக்கைச் சுருக்கி, "அம்மா... ஊருதும்மா!" என்பாள். அம்மாவாக வருகிறவள் மருந்துப் பாட்டிலை எடுத்து நீட்டுவாள். அவ்வளவுதான். நாலைந்து வருஷம் தமிழ்நாடு முழுக்க அதைப் பார்த்துச் சிரித்தது. கம்பெனி பிறகு வேறு பிள்ளையை வைத்து வேறு படம் எடுத்துக்கொண்டது. எங்கள் ஊர் மட்டும் விடவில்லை.

அவளுடைய அம்மாவின் சித்தப்பா மகன் ஒருவன் மெட்ராஸில் விளம்பரப் படம் எடுக்கிற இடத்தில் லைட் தூக்கிக்கொண்டிருந்தான். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அவனைப் பார்க்க அம்மாவும் மகளும் படப்பிடிப்புக்குப் போயிருக்கிறார்கள். நடிக்க வந்திருந்த குழந்தை சொறியமாட்டேன் என்று அழுதிருக்கிறது. யாரோ இவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். தலையில் எண்ணெயை ஊற்றி, பேனுக்குப் பதில் கறுப்பு எள்ளைத் தூவியிருக்கிறார்கள். லைட் சூட்டில் எண்ணெய் வழிந்து, எள் கழுத்துக்குள் இறங்கி, நிஜமாகவே அரித்திருக்கிறது. நடிப்பே இல்லை என்று அவளே சொன்னாள். அன்றிலிருந்து எள்ளுருண்டையைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும்.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஆத்திரம் ஒன்று உண்டு. போலீசாக நடித்தவனிடம் போய் யாரும் திருட்டுப் புகார் கொடுப்பதில்லை. ஆனால் பேன் விளம்பரத்தில் வந்ததால் இவள் தலையில் நிஜமாகவே பேன் இருந்தது, அதைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரன் தேடி வந்து கூட்டிப்போனான் என்று எங்கள் தெருவே நம்பியது. பள்ளிக்கூட ஆசிரியைகளும் நம்பினார்கள். பெண்கள் அவள் வீட்டு வாசலில் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். "அக்கா, கம்பெனிலேருந்து ஒங்களுக்கு மருந்து ஓசியா வருமாமே? எங்க வூட்டுப் புள்ளைக்குக் கொஞ்சம் ஊத்துங்க." அவள் அம்மா இல்லையென்று சொல்லமாட்டாள். காசு கொடுத்துக் கடையில் வாங்கி வைத்து, கம்பெனி அனுப்பியதாகச் சொல்லி ஊற்றிக் கொடுப்பாள். அந்தப் பெருமை அவளுக்கு வேண்டியிருந்தது.

டவுன் பஸ்ஸில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் முதலில் சிரிப்பாள். "நீ அந்த ஊருதும்மா பாப்பாதானே?" என்று கன்னத்தைத் தொடுவாள். அப்புறம் தன் பின்னலை மெதுவாக முன்பக்கம் எடுத்துப் போட்டுக்கொள்வாள். இரண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் வேறு சீட்டுக்குப் போய்விடுவாள். கன்னத்தைத் தொட்ட கையை முந்தானையில் துடைத்தவளையும் நான் பார்த்திருக்கிறேன்.

நான் லெப்பைக்குடிகாட்டுப் பெண். அத்தா சவுதியில் இருந்தார். படிப்புக்காக அம்மா எங்களைப் பெரம்பலூரில் வாடகை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு நான் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு போவேன். முதல் நாள் அவளுக்குப் பக்கத்து இடம் மட்டும்தான் காலியாக இருந்தது. அவள் என் முக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒனக்குக் குடுத்து வச்சிருக்குடி, தலைய மூடிக்கலாம்," என்றாள். ஒருத்தி என் முக்காட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அதுதான் முதலும் கடைசியும்.

அவளுக்கு வாய் உண்டு. ஆனால் வாய்ச்சண்டைக்குப் போகமாட்டாள். ஒரு சாயங்காலம், பஸ்ஸில் ஒருத்தி இப்படி எழுந்து போன பிறகு, பாலக்கரையில் இறங்கி நடந்துகொண்டிருந்தோம். நான் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் சொன்னாள்: "வுடுடி. என் தலையில ஈருமில்ல, பேனுமில்ல. ஊருதான் ஊருது." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டு லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை அவள் எங்கள் வீட்டில் படித்துக்கொண்டிருந்தபோது அத்தாவின் போன் வந்தது. நான் பேச்சுவாக்கில் அவள் பக்கத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டேன். "அந்த விளம்பரப் புள்ளையா? ரூம்ல பசங்க எல்லாம் இருக்காங்கம்மா. ஸ்பீக்கர்ல போடுறேன், ஒரே ஒரு தடவ சொல்லச் சொல்லு," என்றார். எனக்குக் கூசியது. அவள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு ரிசீவரை வாங்கினாள். "அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. நல்லா இருக்கீங்களா? வேளைக்குச் சாப்புடுறீங்களா? எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க," என்று பேசிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். அத்தா அப்புறம் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

விழாக்கள்தான் ஆபாசம். துணிக்கடைத் திறப்பு, கேபிள்காரன் பொங்கல் விழா, யாருக்கோ பிறந்தநாள் அன்னதானம், எல்லாவற்றுக்கும் அவள் அம்மா மகளை ஜோடித்துக் கூட்டிப்போவாள். ஆறு வயதில் சரி. பதினான்கு வயதில், தாவணி போட்ட பெண்ணை, மேடையில் நிற்க வைத்து மைக்கை நீட்டுவார்கள். "பாப்பா, ஒரு தடவ சொறிஞ்சு காட்டு!" ஒரு கவுன்சிலர் அவளுக்குச் சால்வை போர்த்திவிட்டு, தன் வழுக்கைத் தலையைப் பத்து விரலாலும் சொறிந்து, "எனக்கும் ஊருதும்மா!" என்று அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தாள். மேடையில் அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து எந்த மேடைக்கும் வரமாட்டேன் என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். கேபிள்காரனுக்கு அவள் வரவேண்டிய அவசியமும் இல்லை. பழைய கேசட்டை வைத்திருந்தான். தீபாவளிக்குத் தீபாவளி உள்ளூர் சேனலில் 'நமதூர் நட்சத்திரம்' என்று போட்டு, கீழே பட்டாசுக்கடை விளம்பரத்தை ஓடவிடுவான்.

அவள் அம்மாவுக்கு அடுத்த கனவு எண்ணெய் விளம்பரம். மகளின் முடியை வயலைக் காவல் காப்பதுபோல் காத்தாள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய், புதன்கிழமை சீயக்காய், சாம்பிராணிப் புகை, நுனி வெடிக்காமல் மாதம் ஒருமுறை வெட்டு. முடி இடுப்பைத் தாண்டித் தொங்கியது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து மெட்ராஸ் லைட்டுக்காரத் தம்பிக்குப் பேசுவாள். "முடி எம்மாம் நீளம்னு வந்து பாரு. பேனு போயி முடி வந்துச்சுன்னு எடுத்தா எப்படி இருக்கும்? நீ சொல்லிப் பாரு." அப்பா எறையூர்ச் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அந்த வீட்டில் அவர் குரலை நான் கேட்டதே அபூர்வம். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். வாயைத் திறக்காத நல்லவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஓர் எரிச்சல் உண்டு.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பன்னிரண்டாவது முடித்து நர்சிங் சேரவேண்டும். ஏன் நர்சிங் என்று கேட்டேன். "காய்ச்சல்ல கெடக்குறவன் நம்ம மூஞ்சிய பாத்து இது யாருன்னு யோசிக்கமாட்டான்டி. ஊசி வலிக்காம போட்டா போதும் அவனுக்கு," என்றாள். அதற்காக உயிரியலைக் கரைத்துக் குடித்தாள்.

பன்னிரண்டாவதில், செய்முறைத் தேர்வு நெருங்கும் சமயம், பள்ளிக்கூடத்தில் நிஜமாகவே பேன் வந்தது. ஹாஸ்டல் பெண்கள், கிராமத்துப் பெண்கள், டவுன் பெண்கள் என்று எல்லார் தலையிலும் மேய்ந்தது. காலைப் பிரேயரில் பி.டி. டீச்சர் மைக்கில் அவளை முன்னால் கூப்பிட்டார். ஒரு மரஸ்கேலால் பின்னலைத் தூக்கி, வகிடு வகிடாகப் பிரித்து, எல்லார் முன்னிலையிலும் பார்த்தார். கையால் தொடவில்லை. ஒன்றும் இல்லை. அந்த ஊரிலேயே சுத்தமான தலை அதுதான்.

நான் வரிசையை விட்டு முன்னால் போனேன். முக்காட்டை இழுத்துவிட்டு, "டீச்சர், பேனு எனக்குத்தான் இருக்கு. பாருங்க," என்றேன். நிஜம்தான், எனக்கு நிறையவே இருந்தது. டீச்சர் என் தலையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "நீ பக்கத்துல உக்கார்றவதானே? அவகிட்டேருந்துதான் ஒட்டியிருக்கும். போ வரிசைக்கு," என்றார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அவளை அறைக்குக் கூப்பிட்டு, பேன் ஒழியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார். "எனக்கு இல்லையே மிஸ்," என்றாளாம். "ஒனக்கு இல்லம்மா, சரி. ஆனா நீ வந்தா மத்த பேரண்ட்ஸ் பயப்படுறாங்க. கொஞ்ச நாள்தானே," என்றாராம். கொஞ்ச நாளில் செய்முறைத் தேர்வே முடிந்துவிடும். அது போனால் நர்சிங் போச்சு.

அவள் அம்மாவுக்கு இது நல்ல சகுனமாகப் பட்டது. "படிச்சது போதும். மெட்ராஸ் போயி தம்பி வூட்டுல ஒக்காந்துருவோம். எண்ணெக் கம்பெனி ஒண்ணு விசாரிச்சானாம்," என்று பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் என் வீட்டுக்கு வந்து, "சிறுவாச்சூர் வரைக்கும் கூட வர்றியா?" என்றாள். அங்கே கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். சாமி கும்பிட என்று நினைத்து நானும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் போனேன். அவள் நேராக முடி இறக்கும் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தாள்.

முடி எடுக்கிறவர் அவள் பின்னலைப் பார்த்துத் தயங்கினார். "பூமுடியாம்மா? நுனி மட்டுமா?"

"இல்லைங்க. மொட்ட."

"வயசுப் புள்ள. கூட வூட்டுப் பெரியவங்க யாரும் வரலையா?"

"வேண்டுதலுங்க."

அவர் என்னைப் பார்த்தார். முக்காடு போட்ட பெண் இந்த இடத்தில் என்ன செய்கிறாள் என்று ஒரு குழப்பம். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அடடே! நீ அந்த ஊருதும்மா பாப்பால்ல? என்ன தாயி, பேனு தாங்கலையா?" என்றவர், தண்ணீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "வழிக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ சொறிஞ்சு காட்டு தாயி. எம் புள்ளைங்ககிட்ட சொல்லணும்," என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. ஆசையாகத்தான் கேட்டார். அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. கெட்டவன் கேட்டால் செருப்பைக் கழற்றலாம். அவள் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவரும் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தண்ணீரைத் தெளித்தார். இடுப்பு நீள முடி கீழே ஈரத்தில் விழுந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தனம் பூசிக்கொண்டு எழுந்தவள், "காத்து நல்லா இருக்குடி," என்றாள்.

திங்கட்கிழமை மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போனாள். முடியே இல்லாத தலையில் பேன் இருக்கிறதென்று ஹெட்மிஸ்ட்ரஸால் சொல்லமுடியவில்லை. உள்ளே விட்டார்கள். செய்முறைத் தேர்வை முடித்தாள், பொதுத்தேர்வையும் எழுதினாள். ஊர் அதற்கும் ஒன்று வைத்திருந்தது. "பாத்தியா, பேனு தாங்காமத்தான் மொட்ட போட்டுக்கிட்டா. அப்பவே சொன்னேன்ல," என்று பேசிக்கொண்டார்கள். அவள் அம்மா சாவு வீட்டில் அழுவதுபோல் ஒப்பாரி வைத்து அழுதாள். மகளோடு பேச்சை நிறுத்தினாள். சோற்றைத் தட்டில் போட்டு நகர்த்திவிடுவாள். அந்த இரண்டு மாதமும் அந்த வீட்டுக்குள் போகவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பரீட்சை முடிந்த பிறகு அரியலூரிலிருந்து ஒருவன் வந்தான். மூலிகைத் தைலம் காய்ச்சி விற்கிறவன். மொட்டை விஷயம் அவன் காதுக்கும் போயிருந்தது. நானும் அப்போது அங்கே இருந்தேன். "ஊருதும்மா பாப்பாவுக்குப் பேனால முடியே போச்சு. நம்ம தைலம் தேச்சதும் கருகருன்னு வளந்துச்சு. இப்படி எடுப்போம். லோக்கல் சேனல்ல பெரம்பலூரு, அரியலூரு, ஜெயங்கொண்டம் எல்லா எடத்துலயும் வரும்," என்றான்.

இரண்டு மாதம் மகள் முகத்தைப் பார்க்காதவள் உள்ளே ஓடிப்போய் நாற்காலி எடுத்துவந்து போட்டாள். முந்தானையால் அதைத் துடைத்தாள். "சாயங்காலத்துல வருமா, ராத்திரியில வருமா? கூட அம்மாவா யாரு நடிக்கிறது?" என்று கேட்டாள்.

அவன் மகளின் தலையை உற்றுப் பார்த்தான். விரற்கடை அளவுக்கு முடி வளர்ந்திருந்தது. "இது கொஞ்சம் வளந்துடுச்சு. அதனால என்ன, மறுபடி ஒரு தடவ வழிச்சுக்கலாம்," என்றான்.

"வழிச்சுக்கலாங்க," என்றாள் அவள் அம்மா.

அந்த முடிக்காகத்தானே அப்படி அழுதாய், என்று எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. அவள் உள்ளங்கையில் நகத்தைப் பதித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அவள் அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"நீ கெளம்புய்யா," என்றார் வந்தவனிடம். பிறகு மகளிடம், "துணிய எடுத்து வையி. தா.பழூர்ல எங்கக்கா வூட்டுக்குப் போ. ரிசல்ட்டு வந்ததும் நானே வந்து நர்சிங்குல சேத்துவுடுறேன்," என்றார்.

"நான் ஒருத்தி இங்க ஒக்காந்திருக்கேன்," என்று அவள் அம்மா ஆரம்பித்தாள்.

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பத்து வருஷமா," என்றார் அவர். அவர் மகளைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

மறுநாள் அவருக்கு ஷிப்ட். எங்களைப் பஸ் ஏற்றிவிட்டு ஆலைக்குப் போய்விட்டார். அரியலூரில் எனக்கு மாமி வீடு இருந்ததால் அதுவரை நான் துணைக்குப் போனேன். அங்கே தா.பழூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து சீட்டில் வயல் வேலைக்குப் போய்த் திரும்பும் பெண் ஒருத்தி, வாய் நிறைய வெற்றிலையோடு, மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெண் திரும்பி அவளைப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள். மறுபடி முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஒன்னைய எங்கயோ பாத்திருக்கேனே புள்ள," என்றாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. இதோ சொல்லப்போகிறாள். இங்கேயும் சிரிக்கப்போகிறார்கள், தா.பழூர் வரைக்கும் சிரித்துக்கொண்டே போவார்கள். அவள் முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ மீன்சுருட்டி டெய்லரு மவதானே?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லைங்க."

"அப்ப யாரு நீ? ஒம் பேரென்ன?"

அவள் தன் பெயரைச் சொன்னாள். என்ஜின் சத்தத்தில் அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. "என்னது?" என்று காதைக் கிட்டே கொண்டுவந்தாள்.

அவள் மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை சத்தமாக, அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னாள். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.